ரக்பி ஏன் இரண்டானது? அமெச்சூர்–தொழில்முறைச் சண்டை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரக்பி யூனியன், ரக்பி லீக் என்ற இரண்டு ஆட்டங்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஆட்டக்காரருக்குக் காசு கொடுக்கலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியில் 1895-இல் பிரிந்தன. அந்தப் பிரிவைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

டிவியில் ஓடுவது யூனியனா, லீக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பந்தோடு ஓடியவரைப் பிடித்து வீழ்த்திய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டால் அது லீக். விழுந்தவருக்கு மேலே இரண்டு அணியினரும் மொய்த்து, தள்ளுமுள்ளு செய்து பந்துக்குப் போராடினால் அது யூனியன். பந்து பக்கக் கோட்டைத் தாண்டியதும் இரண்டு வரிசையாக நின்று, ஒருவரைத் தூக்கிப் பந்தைப் பிடிக்க வைத்தாலும் யூனியன்தான்; லீக்கில் லைன்-அவுட் கிடையாது.

ஆட்களை எண்ண முடிந்தால் இன்னும் எளிது. யூனியனில் 15 பேர், லீக்கில் 13 பேர். புள்ளிகளும் வேறு. டிரை, அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது, யூனியனில் 5, லீக்கில் 4. பெனால்டி கோல் யூனியனில் 3, லீக்கில் 2. டிரைக்குப் பின் அடிக்கும் கோலுக்கு இரண்டிலுமே 2.

பிரிவினைக்கு உண்மையான காரணம் பேராசையா?

இல்லை. சனிக்கிழமைதான் காரணம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயரிலும் யார்க்ஷயரிலும், ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் நெசவாலையிலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள். அவர்களுக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. சனிக்கிழமை மட்டும் அரை நாள்; மதியம்தான் ஆலையை விட்டு வெளியே வர முடியும். உள்ளூரில் ஆட்டம் என்றால் சமாளிக்கலாம். ஐம்பது மைல் தள்ளி ஆட்டம் என்றால் காலையிலேயே ரயில் ஏற வேண்டும், அரை நாள் கூலி போய்விடும். நெடுந்தூரப் பயணம் என்றால் இரண்டு மூன்று நாள் கூலி போகும். ஆட்டத்தில் தோள் எலும்பு முறிந்தால் வாரக்கணக்கில் அடுப்பு எரியாது.

லண்டன் கழகங்களில் ஆடிய வழக்கறிஞருக்கோ மருத்துவருக்கோ பங்கு வணிகருக்கோ இந்தச் சிக்கலே இல்லை. விதியும் அவர்களுக்கு வசதியாகவே இருந்தது: ரயில் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் வாங்கிக்கொள்ளலாம், அது குற்றமில்லை. இழந்த கூலியை வாங்கினால் மட்டும் குற்றம். ஆக, வசதியுள்ளவனுக்கு இருந்த செலவு ஈடு செய்யப்பட்டது. ஏழைக்கு இருந்த செலவு தடை செய்யப்பட்டது. பார்வைக்கு எல்லோருக்கும் பொதுவான விதி, நடைமுறையில் ஒரு பக்கத்தை மட்டும் அழுத்தியது. வடக்குக் கழகங்கள் கேட்டது சம்பளம் அல்ல, இந்தக் கூலி ஈட்டைத்தான்.

அமெச்சூர் விதி முதலிலிருந்தே இருந்ததா?

இல்லை. ரக்பி ஃபுட்பால் யூனியன் (இனி ஆர்.எஃப்.யூ.) 1871 ஜனவரியில் லண்டனில் 21 கழகங்களால் தொடங்கப்பட்டது. அப்போது காசு பற்றி விதி எதுவும் இல்லை. எழுதத் தேவைப்படவில்லை, ஆடியவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பினர்.

கால்பந்தைப் பார்த்துத்தான் பயம் வந்தது. 1883-இல் இங்கிலாந்துக் கால்பந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்ற தொழிலாளர் அணி, ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியைத் தோற்கடித்தது. 1885-இல் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதன்பின் பெரிய கோப்பைகள் கனவான் அணிகளின் கைக்குத் திரும்பவில்லை. ரக்பித் தலைவர்கள் இதைக் கூர்ந்து கவனித்தார்கள். 1886-இல் ஆர்.எஃப்.யூ. தொழில்முறைக்குத் தடை விதித்தது. விளையாட்டின் தூய்மையைக் காப்பதாகச் சொன்னார்கள். ஆட்டத்தின் கட்டுப்பாடு கைநழுவிவிடும் என்ற அச்சம்தான் எங்கள் பார்வையில் பெரிய காரணம்.

எதெல்லாம் "தொழில்முறைக் குற்றம்"?

பட்டியல் நீளமானது, 1895-இல் இன்னும் இறுக்கப்பட்டது. ஆடுவதற்கும் பயிற்சிக்கும் காசு வாங்குவது, இழந்த நேரத்துக்கு ஈடு வாங்குவது, ஆட்டத்துக்காக வேலையோ பதவி உயர்வோ கடை வைக்க உதவியோ பெறுவது, உண்மைச் செலவுக்கு மேல் பயணப்படி வாங்குவது, எல்லாம் குற்றம். காசு கைமாறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தருவதாகச் சொன்ன வாக்கை நம்பினாலே போதும். தடை செய்யப்பட்ட கழகத்துக்கு எதிராகத் தெரிந்தே ஆடுவதும், நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் மைதானத்தில் 15 பேருக்குக் குறைவான அணிகளாக ஆடுவதும் அதே கணக்கில் வந்தன.

நடைமுறையில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஹாலிஃபாக்ஸ் வீரர் ஜாக் குளோஸ் ஓர் உதாரணம். 1888-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்துக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் அணியில் அவர் இருந்தார். பயண ஏற்பாட்டாளர்களிடமிருந்து உடை வாங்க 15 பவுண்டு பெற்றார். அதற்காகவே தொழில்முறை ஆட்டக்காரர் என்று அறிவிக்கப்பட்டார். கப்பல் ஏறிய பின் திரும்பவும் முடியாது, இறங்கி ஆடவும் முடியாது. அணியோடு போய் ஆடாமலே திரும்பினார்.

இந்த இறுக்கம் நூறாண்டு தொடர்ந்தது. 1980களில்கூட, ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தன்வரலாறு எழுதி அதன் வருமானத்தை வைத்துக்கொண்டவர்கள் தொழில்முறையினர் ஆக்கப்பட்டார்கள். இங்கிலாந்துக் கேப்டன் பில் பியூமாண்ட் அவர்களில் ஒருவர். பயிற்சியாளராகவோ நிர்வாகியாகவோ அவர்கள் யூனியன் பக்கம் வரக் கூடாது.

1893 கூட்டத்தில் என்ன நடந்தது?

1893 செப்டம்பரில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேலஸ் ஹோட்டலில் ஆர்.எஃப்.யூ. பொதுக்கூட்டம். நேர்மையாக இழந்த நேரத்துக்கு ஈடு தரலாம் என்ற தீர்மானத்தை யார்க்ஷயர் பிரதிநிதிகள் ஜேம்ஸ் மில்லர், மார்க் நியூசம் இருவரும் கொண்டுவந்தார்கள். ஆதரவு 136, எதிர்ப்பு 282. தீர்மானம் தோற்றது.

இந்த எண்ணிக்கையை மட்டும் பார்த்து "பெரும்பான்மை அமெச்சூர் பக்கம்" என்று முடிவு கட்டக் கூடாது. எதிர்ப்பு வாக்குகளில் நூற்றுக்கு மேற்பட்டவை நேரில் வராதவர்களின் பதிலாள் வாக்குகள். செயலாளர் ரோலண்ட் ஹில் தரப்பு அவற்றைக் கூட்டத்துக்கு முன்பே திரட்டி வைத்திருந்தது. கூட்டம் லண்டனில், வார நாளில். வடக்கிலிருந்து வருபவர் அதற்கும் ஒரு நாள் வேலையை விட வேண்டும். கூலி ஈடு பற்றிய வாக்கெடுப்பிலேயே கூலி இழப்பு ஒரு கை பார்த்தது.

1895 ஆகஸ்ட் 29 ஏன் முக்கியமான நாள்?

அன்று ஹடர்ஸ்ஃபீல்டு ரயில் நிலையத்துக்கு அருகே உள்ள ஜார்ஜ் ஹோட்டலில் 21 கழகங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். இடையில் இரண்டாண்டுகளாகத் தண்டனைகள் தொடர்ந்திருந்தன: 1893-இல் ஹடர்ஸ்ஃபீல்டு, 1894-இல் லீ, சால்ஃபோர்டு, விகன் ஆகியவை இடைநீக்கம் செய்யப்பட்டன. இனி ஒவ்வொரு கழகமும் தன் குற்றமின்மையைத் தானே நிரூபிக்க வேண்டிய நிலை வருவது தெரிந்தது.

கூடியவர்களில் டியூஸ்பரி மட்டும் தயங்கியது. மற்ற 20 கழகங்கள் ஆர்.எஃப்.யூ.விலிருந்து விலகின. ஸ்டாக்போர்ட் தொலைபேசி வழியே சேர்ந்துகொண்டது. புதிய அமைப்பின் பெயர் வடக்கு ரக்பி ஃபுட்பால் யூனியன். சுருக்கமாக வடக்கு யூனியன். இதன் ஆட்டம்தான் பின்னாளில் ரக்பி லீக் என்று பெயர் பெற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் 22 கழகங்களோடு முதல் பருவம் தொடங்கியது. அதை வென்ற மேனிங்ஹம் கழகம், பிறகு பணமுடையால் 1903-இல் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது. வடக்கு யூனியனின் உண்மையான போட்டியாளர் லண்டன் அல்ல, பக்கத்துத் தெருக் கால்பந்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பின்வரும் விதி மாற்றங்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

வடக்கு யூனியன் உடனே சம்பள ஆட்டமாகிவிட்டதா?

இல்லை, இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். முதலில் அனுமதிக்கப்பட்டது ஒரு நாளுக்கு 6 ஷில்லிங் கூலி ஈடு, அவ்வளவுதான். 1898-இல்தான் தொழில்முறையை ஏற்றார்கள். அப்போதும் ஒரு நிபந்தனை இருந்தது: ஆட்டக்காரருக்கு வேறு நிரந்தர வேலை இருந்தே ஆக வேண்டும். சூதாட்டமும் சாராயமும் சார்ந்த வேலைகள், கழகமே ஒப்புக்குப் போட்டுத் தரும் வேலைகள் ஆகியவை கணக்கில் வராது. வேலையை விட்டவர் அடுத்த ஆட்டம் ஆட முடியாது.

நோக்கம் நல்லதுதான்: ஆட்டத்தை நம்பி உழைப்பைக் கைவிடக் கூடாது என்பது. ஆனால் வேலை மாறிய ஒவ்வொருவரையும் விசாரிக்க ஒரு குழு, பொய்ச் சான்றிதழ், மேல்முறையீடு என்று நிர்வாகமே அதில் மூழ்கியது. சுரங்கம் மூடப்பட்டு வேலை போனவனுக்கு ஆட்டமும் சேர்ந்து போனது. 1905-இல் இந்த நிபந்தனையைக் கைவிட்டார்கள். அதன் பிறகும் ரக்பி லீக் வீரர்களில் பெரும்பாலோர் பல தலைமுறைகளுக்குப் பகுதிநேரம்தான்: பகலில் சுரங்கம், மாலையில் பயிற்சி, வெற்றிக்கு ஒரு தொகை, தோல்விக்கு அதைவிடக் குறைந்த தொகை.

காசுச் சண்டையில் பிரிந்தவர்கள் ஆட்ட விதிகளையும் ஏன் மாற்றினார்கள்?

காசு கொடுக்க வேண்டுமானால் காசு வர வேண்டும். அது நுழைவாயில் வசூலிலிருந்துதான் வரும். வசூலுக்குக் கூட்டம் வேண்டும், கூட்டம் பார்க்கிற மாதிரி ஆட்டம் இருக்க வேண்டும். இந்த ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் லீக்கின் ஒவ்வொரு விதி மாற்றமும் விளங்கிவிடும்.

பழைய ரக்பியில் பந்து பாதி நேரம் கண்ணிலேயே படாது. இரு பக்கமும் எட்டு ஒன்பது பேர் ஸ்க்ரமில் தலையைக் கோத்துக்கொண்டு தள்ளுவார்கள். பந்து கால்களுக்கு நடுவே கிடக்கும். தள்ளுகிறவனுக்கு அது பேரின்பம். மழையில் நின்று காசு கொடுத்துப் பார்க்கிறவனுக்கு முதுகுகள் மட்டும்தான் தெரியும்.

ஆகவே 1897-இல் லைன்-அவுட் போனது. அதே ஆண்டில் எல்லா வகைக் கோலுக்கும் 2 புள்ளி என்றானது, டிரைக்கு 3. அதுவரை உதைத்து வெல்வது லாபமாக இருந்தது. இனி ஓடி வெல்வதே லாபம். 1906-இல் இரண்டு பெரிய மாற்றங்கள். ஆள் எண்ணிக்கை 15-இலிருந்து 13 ஆனது. மைதானத்தின் அளவு அப்படியே, ஆள் மட்டும் குறைவு. இடைவெளி பெருகியது, ஓடுவதற்கு வழி பிறந்தது. கழகங்களுக்கு இரண்டு பேருக்கான செலவும் மிச்சம். கூடவே, வீழ்த்தப்பட்டவர் எழுந்து காலால் பந்தை உருட்டி ஆட்டத்தைத் தொடரும் முறை வந்தது. விழுந்த இடத்திலெல்லாம் குவியல் சேர்வது நின்றது.

ஒரு பிழையைத் திருத்தினால் இன்னொன்று முளைத்தது. எழுந்து உருட்டும் முறையில் பந்தை வைத்திருந்த அணி அதை விடாமலே வைத்துக்கொள்ள முடிந்தது. முன்னிலை பெற்ற அணி ஐந்து அடி ஓடுவதும் விழுவதும் எழுவதுமாக நேரத்தைக் கடத்தும். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தத் தொல்லை இருந்தது. 1966-இல் நான்கு முறை வீழ்த்தப்பட்டால் பந்தை விட வேண்டும் என்ற வரம்பு வந்தது. நான்கு போதவில்லை; அவசரமாகி ஆட்டம் குலைந்தது. 1970களின் தொடக்கத்தில் அதை ஆறாக்கினார்கள். இன்று லீக் என்றதும் நினைவுக்கு வரும் ஆறு முறை எண்ணிக்கை இப்படி வந்ததுதான்.

யூனியன் இதற்கு நேர்மாறாகப் போனது. பார்வையாளருக்காக ஆட்டத்தை வளைப்பதே இழிவு என்ற எண்ணம் அங்கே இருந்தது. ஸ்க்ரம், லைன்-அவுட், குவியல் எல்லாம் தங்கின. அதில் ஓர் அழகும் இருக்கிறது: பந்துக்கான போராட்டம் எந்த நொடியிலும் முடிவதில்லை, பருத்தவனுக்கும் ஒல்லியானவனுக்கும் உயரமானவனுக்கும் தனித்தனி இடம் உண்டு. லீக் அந்தச் செழுமையைக் கொடுத்துத்தான் வேகத்தை வாங்கியது.

பிரிவினையால் ஆர்.எஃப்.யூ.வுக்கு நட்டமா?

பெரும் நட்டம். 1893-இல் 481 கழகங்கள் உறுப்பினர். பத்தாண்டு கழித்து 244. 1892-இல் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காமல் நாடுகளுக்கிடையிலான பட்டத்தை வென்ற இங்கிலாந்து, அடுத்த பட்டத்துக்கு 1910 வரை காத்திருந்தது. அணியின் முன்வரிசையை நிரப்பிய வடக்குத் தொழிலாளர்கள் போய்விட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நட்டம் இன்னொன்று. கோப்பையும் புள்ளிப் பட்டியலும் காசுக்கு வழி வகுக்கும் என்ற பயத்தில் ஆர்.எஃப்.யூ. போட்டிகளையே தவிர்த்தது. ஆங்கிலக் கழகங்களுக்குத் தேசிய அளவில் ஒரு கோப்பை 1971–72 பருவத்தில்தான் வந்தது. புள்ளிப் பட்டியலோடு தேசியத் தொடர் 1987-இல். உலகக் கோப்பையும் அப்படியே: லீக் 1954-இல் நடத்திவிட்டது, யூனியன் 1987-இல். "நட்பு ஆட்டம்" என்ற பெயரில் நூறாண்டு ஓடியது.

வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களின் நாடு. அது ஏன் பிரியவில்லை?

வேல்ஸ் கண்ணை மூடிக்கொண்டது. மற்றவர்களும் வேல்ஸ் விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டார்கள். 1896–97-இல் புகழ்பெற்ற கேப்டன் ஆர்தர் கூல்டுக்கு ரசிகர்கள் நிதி திரட்டி ஒரு வீடே வாங்கிக் கொடுத்தார்கள். விதிப்படி இது அப்பட்டமான மீறல். யூனியன் ஆட்டத்தை நடத்தும் சர்வதேச வாரியம் எதிர்த்தது, வேல்ஸ் வாரியத்திலிருந்து விலகியது, ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும் அந்த ஆண்டு வேல்ஸோடு ஆடவில்லை. 1898-இல் கூல்டு இனிச் சர்வதேச ஆட்டம் ஆடமாட்டார் என்ற ஏற்பாட்டோடு சமரசம். ஹாலிஃபாக்ஸ் வீரனுக்கு 15 பவுண்டுக்குத் தண்டனை, கூல்டின் வீட்டுக்குச் சமரசம். வேல்ஸையும் இழந்தால் யூனியனில் மிஞ்சுவது மிகக் குறைவு என்பதே காரணம்.

ஆனால் வேல்ஸ் தனி ஆட்களாக இழந்துகொண்டே இருந்தது. "வடக்கே போவது" என்றாலே அங்கே லீக்கில் கையெழுத்திடுவது என்று பொருள். ஜிம் சல்லிவன் 1921-இல் விகனுக்கு, லூயிஸ் ஜோன்ஸ் 1952-இல் லீட்ஸுக்கு, டேவிட் வாட்கின்ஸ் 1967-இல் சால்ஃபோர்டுக்கு, ஜொனாதன் டேவிஸ் 1989-இல் விட்னஸுக்கு. போனவர் திரும்ப முடியாது. பழைய கழகத்தின் கிளப் அறைக்குள் நுழையவும் தயங்க வேண்டியிருந்தது. மாற்றுப் பெயரில் லீக் சோதனை ஆட்டம் ஆடிப் பார்ப்பதும் இதனால்தான் வழக்கமானது.

கார்டிஃப் துறைமுகக் குடியிருப்பில் பிறந்த கறுப்பின வீரர் பில்லி பாஸ்டன் 1953-இல் விகனில் சேர்ந்து அந்தக் கழகத்துக்காக மட்டும் 478 டிரை அடித்தார். அதே கார்டிஃபின் கிளைவ் சல்லிவன் 1972 உலகக் கோப்பையில் கிரேட் பிரிட்டன் லீக் அணியை வழிநடத்தி வென்றார். சொந்த ஊர் யூனியனில் திறக்காத கதவு வடக்கில் திறந்தது. இதை அமெச்சூர் வரலாறுகள் அடிக்குறிப்பாகச் சொல்லிப் போவது எங்களுக்கு உடன்பாடில்லை.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் இது எப்படிப் பரவியது?

வெற்றியால். 1905 நியூசிலாந்து அணியின் பிரிட்டன் பயணம் பெரும் வசூல் செய்தது. ஆட்டக்காரருக்குக் கிடைத்தது நாளுக்கு 3 ஷில்லிங் பேட்டா. அந்தப் பேட்டாவே தொழில்முறை என்று ஸ்காட்லாந்து பின்னர் சண்டை போட்டது வேறு கதை. வசூல் எங்கே போகிறது என்று வீரர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

வெலிங்டன் அஞ்சல் ஊழியர் ஆல்பர்ட் பாஸ்கர்வில் 1907-இல் ஓர் அணியைத் திரட்டினார். அதன் கணக்கு எளிமையானது: சேரும் வீரர் ஒவ்வொருவரும் 50 பவுண்டு முதல் போட வேண்டும், லாபம் பங்கு பிரிக்கப்படும். வழியில் சிட்னியில் ஆடி, அங்கே நட்சத்திரமாக இருந்த டாலி மெசெஞ்சரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து வந்து வடக்கு யூனியன் அணிகளோடு ஆடினார்கள். பயணம் லாபமாக முடிந்தது. பாஸ்கர்வில் மட்டும் திரும்பும் வழியில், 1908-இல், நிமோனியாவால் பிரிஸ்பேனில் இறந்தார்.

சிட்னியில் பொறி வேறு: காயமடைந்த அலெக்ஸ் பர்டன் என்ற வீரருக்குச் சங்கம் ஈடு தரவில்லை. 1907 ஆகஸ்டில் அங்கே ரக்பி லீக் தொடங்கப்பட்டது. கிரிக்கெட் வீரர் விக்டர் டிரம்பர் அதன் நிறுவனர்களில் ஒருவர். 1909-இல் யூனியனின் தேசிய அணி வீரர்கள் பலர் மொத்தமாக லீக்குக்குத் தாவினார்கள். முதல் உலகப் போரில் யூனியன் தன் போட்டிகளை நிறுத்தியது, லீக் நிறுத்தவில்லை. சிட்னி இன்றும் லீக் நகரம்.

பிரான்ஸில் லீக் தடை செய்யப்பட்டது உண்மையா?

உண்மை. 1931-இல் கள்ளப் பணமும் வன்முறையும் மிகுந்துவிட்டன என்று பிரிட்டிஷ் நாடுகள் பிரான்ஸ் யூனியனோடு உறவை முறித்தன. அந்த வெற்றிடத்தில், யூனியனிலிருந்து விலக்கப்பட்ட ஜான் கலியா 1934-இல் லீக்கைக் கொண்டுவந்தார். தெற்கில் அது தீயாகப் பரவியது. 1941 டிசம்பரில் நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசு ஆணை பிறப்பித்து லீக் சங்கத்தைக் கலைத்தது, சொத்தையும் பறித்தது. போருக்குப் பின் ஆட்டம் திரும்பியது. 1951-இல் ஆஸ்திரேலியாவுக்கே போய்த் தொடரை வென்றது. ஆனால் "ரக்பி" என்ற சொல்லைப் பயன்படுத்தும் உரிமை மறுக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் "பதின்மூவர் ஆட்டம்" என்ற பெயரோடு வாழ்ந்தது. பறித்ததைத் திருப்பித் தரவில்லை.

யூனியன் உண்மையிலேயே காசில்லாமல் நடந்ததா?

மேல்மட்டத்தில் இல்லை. ஆட்டம் முடிந்து வந்தால் காலணிக்குள் நோட்டு இருக்கும். 1970, 80களில் காலணி நிறுவனங்களும் அப்படியே கொடுத்தன. ஐந்து பேர் ஒரே காரில் வந்து, ஐந்து பேருக்கும் தனித்தனி ரயில் கட்டணம் எழுதுவார்கள். கழகத் தலைவரின் நிறுவனத்தில் பெயரளவுக்கு ஒரு வேலை கிடைக்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதற்குப் "பழுப்பு அமெச்சூர்" என்றே பெயர் வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதிவைக்கவில்லை.

இதில் பாதிக்கப்பட்டது நேர்மையானவர்களே. ரகசியமாக வாங்கியவர் அமெச்சூராக நீடித்தார். லீக்கில் ரசீது போட்டு வாங்கியவர் ஆயுள் தடை பெற்றார். ஒப்பந்தம் இல்லாததால் காயத்துக்குக் காப்பீடு கேட்கவோ, பேசிய தொகை வராவிட்டால் முறையிடவோ யாருக்கும் வழியில்லை.

அப்படியிருந்தும் 1995-இல் ஒரே கோடையில் எல்லாம் மாறியது எப்படி?

தொலைக்காட்சி. ஆஸ்திரேலியாவில் லீக் ஒளிபரப்புக்காக மர்டாக், பாக்கர் என்ற இரண்டு ஊடக முதலாளிகள் மோதினார்கள். 1995 ஏப்ரலில் மர்டாக் தரப்பு வீரர்களை வாரிக் குவித்தது. பிரிட்டிஷ் லீக் கழகங்களுக்கும் ஐந்தாண்டுக்கு 87 மில்லியன் பவுண்டு வரை தர ஒப்புக்கொண்டது. ஜோனா லோமு போன்ற யூனியன் நட்சத்திரங்களை இனி லீக் விலைக்கு வாங்கிவிடும் என்ற பயம் பரவியது.

ஜூனில், யூனியன் உலகக் கோப்பை இறுதியாட்டத்துக்கு முந்தைய நாள், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் பத்தாண்டுக்கு 550 மில்லியன் அமெரிக்க டாலர் ஒப்பந்தத்தை அறிவித்தன. அதே வேளையில் பாக்கர் ஆதரவோடு ஒரு போட்டி அமைப்பு உலகின் சிறந்த வீரர்களிடம் ரகசியமாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. சம்பளம் தராவிட்டால் வீரர்களே இல்லை என்ற நிலை. ஆகஸ்ட் கடைசியில் பாரிஸில் கூடிய சர்வதேச வாரியம், வெர்னன் பியூ தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, கட்டுப்பாடுகள் அனைத்தையும் நீக்கியது. ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்தின் நூறாண்டு நிறைவுக்குச் சில நாள்களே இருந்தன.

இரண்டும் மோதினால் யார் வெல்வார்கள்?

யாருடைய விதியில் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1996 மே மாதம் லீக் சாம்பியன் விகனும் யூனியன் சாம்பியன் பாத்தும் இரண்டு ஆட்டங்கள் ஆடின. லீக் விதியில் விகன் 82–6. யூனியன் விதியில் பாத் 44–19. லீக்கில் தடுப்பணி ஒவ்வொரு முறையும் பத்து மீட்டர் பின்னோடி, மீண்டும் முன்னேறி வர வேண்டும். பாத் வீரர்களுக்கு அந்த மூச்சு இல்லை. யூனியன் ஸ்க்ரமில் தள்ளவும் லைன்-அவுட்டில் பிடிக்கவும் விகனுக்குப் பழக்கமில்லை.

இதற்கு முன்னும் நடந்ததுண்டு. போர்க்காலத்தில் தடை தளர்ந்தபோது, 1943-இலும் 1944-இலும் ராணுவ வீரர்களின் லீக் அணி யூனியன் அணியை யூனியன் விதியிலேயே வென்றது: 18–11, 15–10. போர் முடிந்ததும் தடை திரும்பிவிட்டது.

ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவது எளிதா?

ஓரத்தில் ஓடுபவர்களுக்கு ஓரளவு எளிது. ஜேசன் ராபின்சன் விகனிலிருந்து வந்து 2003 யூனியன் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்துக்காக டிரை அடித்தார். எதிரணியிலும் லீக்கிலிருந்து வந்த டுகிரி, செய்லர், ரோஜர்ஸ் இருந்தார்கள். ஓட்டம், தாக்கிப் பிடித்தல், பந்தைக் கைமாற்றுதல் மூன்றும் பொது. அவர்களுக்குச் சறுக்குவது இரண்டு இடங்களில்: வீழ்த்தப்பட்டதும் எழ முயல்வது, உதைக்கப்பட்ட பந்துக்குப் பின்வாங்கி நிற்க மறப்பது.

முன்வரிசையினருக்கு மிகக் கடினம். யூனியன் ஸ்க்ரமின் முதல் வரிசை பல ஆண்டுப் பயிற்சி கேட்கும் கைவேலை. தவறினால் கழுத்துக்கு ஆபத்து. லீக் ஸ்க்ரமில் இன்று உண்மையான தள்ளல் இல்லை. லீக்குக்குப் போகும் யூனியன் முன்வரிசையாளருக்கோ உடல் எடையைக் குறைக்காமல் எண்பது நிமிடம் தாங்காது.

சம்பளம் வந்ததும் யூனியனின் சிக்கல்கள் தீர்ந்தனவா?

புதியவை வந்தன. நியூசிலாந்தும் அயர்லாந்தும் வீரர்களைத் தேசியச் சங்கத்தின் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தன. ஆர்.எஃப்.யூ. ஓராண்டு பொறுத்திருப்போம் என்றது. அந்த ஓராண்டில் செல்வந்தர்கள் கழகங்களை வாங்கி, வீரர்களோடு தாங்களே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். கழகமா நாடா என்ற இழுபறி அங்கே அன்று தொடங்கியது.

வரவுக்கு மேல் சம்பளம் கொடுப்பது அடுத்த நோய். 1999-இல் ரிச்மண்டும் லண்டன் ஸ்காட்டிஷும் மேல்மட்டத்திலிருந்து காணாமல் போயின. 2022-இல் வொர்செஸ்டரும் வாஸ்ப்ஸும், 2023-இல் லண்டன் ஐரிஷும். சம்பள உச்சவரம்பு விதித்தால் அதைச் சுற்றிப் போகிறார்கள்: 2019–20-இல் சாரசன்ஸ் 50 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் கட்டி, கீழ் நிலைக்கும் இறக்கப்பட்டது. லீக்கிலும் இதே கதை. 2010-இல் மெல்போர்ன் ஸ்டார்மிடமிருந்து 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. ஒரு வித்தியாசம் உண்டு. இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்ல முடிகிறது.

வில்லியம் வெப் எல்லிஸ் என்ற பள்ளி மாணவர் 1823-இல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்தான் ரக்பி பிறந்தது என்பது உண்மையா?

நேரில் கண்ட சாட்சி இல்லை. அந்தக் கதையை விசாரித்து நிலைநிறுத்தியது ரக்பி பள்ளியின் பழைய மாணவர் சங்கம். விசாரணை நடந்த ஆண்டு 1895. பள்ளியில் கல்வெட்டு வைத்தது 1900-இல். ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்ற சண்டை உச்சத்தில் இருந்த நேரம் அது.

இந்தியாவுக்கு இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

இந்தியாவிலும் இலங்கையிலும் வேரூன்றியது யூனியன் ஆட்டம். அதோடு ஒரு பழைய தொடர்பும் உண்டு. 1870களில் கல்கத்தாவில் பிரிட்டிஷார் நடத்திய ரக்பிக் கழகம் ஆளில்லாமல் கலைந்தபோது, வங்கியிலிருந்த மிச்சப் பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 நாணயங்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகங்கள் கைப்பிடி, மூடியில் யானை. 1878-இல் அதை ஆர்.எஃப்.யூ.வுக்குக் கொடுத்து, எஃப்.ஏ. கோப்பை போலக் கழகங்களுக்கிடையே ஆண்டுதோறும் போட்டி நடத்தக் கேட்டுக்கொண்டார்கள். ஆர்.எஃப்.யூ. மறுத்துவிட்டது. கழகப் போட்டி வந்தால் வேகம் கூடும், பின்னாலேயே காசும் வரும் என்ற தயக்கம் அப்போதே இருந்தது. கல்கத்தா கோப்பை 1879 முதல் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு மட்டும் வழங்கப்படுகிறது.